தராசுக்குப் பக்கத்தில் ஒரு தாள்

கடையைத் திறந்ததும் என் முதல் வேலை காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது. சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர். முன்பக்கத்தில் ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் எல்லாம் இருக்கும். பின்பக்கம் வெறும் வெள்ளை. விடியற்காலையில் வாசித்த அதிகாரங்களிலிருந்து ஒரே ஒரு வசனத்தின் எண்ணையும், அதில் என்னைத் தைத்த ஒரு சொல்லையும் அந்த வெள்ளையில் பென்சிலால் எழுதி, தராசுக்குப் பக்கத்தில் கிளிப்பில் மாட்டிவிடுவேன். எழுதிய பக்கம் என்னைப் பார்த்திருக்கும். ராகுகாலம் வாடிக்கைக்காரர்களைப் பார்த்திருக்கும். “நேத்தைய ராகுகாலத்தை இன்னைக்குத் தொங்கவிட்டு என்ன செய்யப் போறீங்க அண்ணாச்சி?” என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். திருப்பிக் காட்டினேன். “உபா. 25:13. கல்” என்று இருந்தது. ஒன்றும் புரியாமல் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு போனான்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பக்கம், தேரி மணல் சிவக்கத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. சி.எஸ்.ஐ. ஆலயத்தை நாங்கள் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம். கடை அப்பா ஆரம்பித்தது. நான் கல்லாவில் உட்கார்ந்து 34 வருஷம் ஆகிறது. வேதத்தின்படி வாழ்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம். கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர்களுக்கு அந்த வாக்கியம் எப்படித்தான் அவ்வளவு சுலபமாக வருகிறதோ. எனக்குத் தெரிந்தது ஒரு வேலைமுறைதான். தச்சனுக்கு உளி பிடிக்க ஒரு விதம் இருப்பதுபோல, வேதத்தைக் கையில் எடுப்பதற்கும் ஒரு விதம் உண்டு. அதைப் பலமுறை தப்பாகப் பிடித்துக் கையை வெட்டிக்கொண்ட பிறகு எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வேதத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் 1,196. ஏழு அதிகாரம் மிச்சம் விழுகிறது, அதாவது வருஷத்துக்கு இரண்டு நாள் காய்ச்சலில் படுக்கலாம். இந்தக் கணக்கு என் கண்டுபிடிப்பல்ல, பழைய ஆட்கள் பலர் வைத்திருந்தது. அப்பாவும் இப்படித்தான் வாசித்தார். ஜனவரி 1-ல் ஆதியாகமம் ஒன்று, டிசம்பர் முடிவில் வெளிப்படுத்தல் இருபத்திரண்டு. வரிசையாகப் போவதால் ஒவ்வொரு பகுதியும் வருஷா வருஷம் ஏறக்குறைய அதே நாட்களில் வந்து நிற்கும். லேவியராகமம் 19 பிப்ரவரி தொடக்கத்தில் வரும். நீதிமொழிகளுக்கு ஜூலை நடு. ஆமோஸ், சரஸ்வதி பூஜைக்குப் பொரி, அவல், கடலை எல்லாம் வாங்கி இறக்குகிற செப்டம்பர் கடைசியில் வருவார். யாக்கோபு வருவது கிறிஸ்துமஸ் சரக்கோடு. விதைப்புக்குப் பட்டம் இருக்கிறதே, அதுபோல ஒன்று.

ஏன் வரிசை? நடுவில் எங்காவது திறந்து வாசித்தால் ஆகாதா? இதற்கு என்னிடம் ஒரு கிடங்கின் கதை இருக்கிறது.

கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கு விலைக்கு வந்தது. வாங்க எனக்குக் கொள்ளை ஆசை. கூரை சரியில்லை என்று மனைவி சொன்னாள். கர்த்தருடைய சித்தம் தெரியட்டும் என்று, எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுபோல, கண்ணை மூடி ஜெபித்து வேதத்தைத் திறந்து விரலை வைத்தேன். 1 நாளாகமம் 26. தேவாலயத்து வாசல் காவலர்களின் பெயர்ப் பட்டியல். யார் யாருக்கு எந்த வாசல் என்று சீட்டுப் போட்டுப் பிரித்த விவரம். நடுவில் பண்டகசாலைக்கு யார், பொக்கிஷங்களுக்கு யார் என்றும் வருகிறது. பண்டகசாலை! இதைவிடத் தெளிவாக ஆண்டவர் எப்படிப் பேசுவார்? வாங்கிவிட்டேன். அந்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகி 12 மூட்டை துவரம்பருப்பு பூஞ்சணம் பிடித்தது.

நாளாகமத்தின் மேல் தப்பில்லை. அது காவலர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, நான் கிடங்கைக் கேட்டேன். விரல் வைத்த இடத்தில் சங்கீதம் இருந்திருந்தாலும் அதிலிருந்து ஒரு கிடங்கை உருவியிருப்பேன். நான் தேர்ந்தெடுக்கிற வசனம் என் சொல்லைக் கேட்கும், அதுதான் அதன் கோளாறு. வரிசையாக வருகிற வசனத்துக்கு என் ஆசை தெரியாது. அன்றைக்கு எனக்கு என்ன வேண்டும் என்று பாராமல் தன் பாட்டில் வந்து உட்காரும்.

வருஷப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை நான் கேலி செய்யமாட்டேன். என் அம்மா அந்த அட்டைகளைப் பூ வைப்பதுபோலப் பைபிளுக்குள் வைத்திருந்தாள். ஆனால் அட்டையில் ஒரு வரிதான் இருக்கும், அதன் வீடு இருக்காது. ஒரு வருஷம் எனக்கு வந்தது எரேமியா 29:11, கர்த்தர் நம்மைக் குறித்து வைத்திருக்கிற நல்ல நினைவுகளைப் பற்றியது. அந்த வருஷம்தான் மெயின் ரோட்டில் ஏ.சி. போட்ட பெரிய கடை திறந்தது. என் வியாபாரம் பாதியானது. அட்டையைக் கல்லாவில் ஒட்டிவைத்துக் காத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்டில் எரேமியா வரிசையில் வந்தபோதுதான் பத்தாம் வசனத்தைப் பார்த்தேன். 70 வருஷம்! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைப் பிடித்துவைத்திருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காகவும் ஜெபியுங்கள் என்கிறது அந்தக் கடிதம். அந்தக் கடை மூடிப்போகட்டும் என்று நான் ஜெபித்துக்கொண்டிருந்த மாதம் அது. அட்டையைக் கிழிக்கவில்லை. ஜெபத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். அந்தக் கடை இன்னும் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

வாசித்தது கடையில் எப்படி நினைவுக்கு வருகிறது? இதற்குத்தான் அந்தத் தாள். இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருப்பதைப் பற்றி முதலாம் சங்கீதம் பேசுகிறது. தியானம் என்றதும் நமக்குக் கண் மூடி உட்காருவது ஞாபகம் வரும். எங்கள் ஐயர் ஒருவர், எபிரெய மொழி கற்றவர், அந்த இடத்தில் இருக்கிற எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்று பொருள் சொன்னார். இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும் புறாவின் அனத்தலுக்கும் ஏசாயா அதே சொல்லைத்தான் போடுகிறாராம். எனக்குப் பெரிய நிம்மதி. கண்ணை மூடிக் கல்லாவில் உட்கார முடியாது. முணுமுணுக்க முடியும். மிளகாய் வற்றலைக் கால் கிலோ கட்டுகிற நேரமெல்லாம் நான் வாய்க்குள் அரைத்துக்கொண்டிருப்பேன். வேலைக்கு நிற்கிற பையன், அண்ணாச்சி கணக்குப் போடுகிறார் என்று நினைத்துக்கொள்வான். ஒருவகையில் அதுவும் சரி.

மளிகைக்கடைக்காரன் வாசிப்பதால் சில பகுதிகள் எனக்குக் கூடுதலாகப் புரிகின்றன என்று ஒரு சின்னக் கர்வம் உண்டு. லேவியராகமம் 19-ன் கடைசியில் தராசு, எடைக்கல், அளவுகள் பற்றி வருகிறதல்லவா, அங்கே எபிரெயத்தில் இருக்கிற ஏப்பாவுக்கும் ஹின்னுக்கும் பதிலாக எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் மரக்காலும் படியும் இருக்கின்றன. ஹென்றி பவர் குழுவினரின் 1871-ம் வருஷத்து மொழிபெயர்ப்பு அது. நாலுக்கும் முன்னால் ஒரே அடைமொழி போட்டிருக்கிறார்கள். சுமுத்திரை. மூலத்தில் இருப்பது நீதி என்கிற சொல், நீதியின் தராசு, நீதியின் கற்கள். அதைத் தமிழில் கொண்டுவந்தவர்கள் சந்தைக்குப் போய் முத்திரை குத்திய படியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கவேண்டும். இன்றைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை என் எலக்ட்ரானிக் தராசுக்கு முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை வாங்குகிறேன். அந்த ஈயப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் லேவியராகமம் ஞாபகம் வரும்.

எபிரெயத்தில் எடைக்குச் சொல் கல்தான். நமக்கும் கல்தான், எடைக்கல், படிக்கல். உபாகமம் 25 பையில் இரண்டு விதமான கல் வைத்திருப்பவனைப் பிடிக்கிறது, வாங்க ஒன்று, விற்க ஒன்று. நான் கல் மாற்றியதில்லை. தட்டுக்கு அடியில் புளி உருண்டையை ஒட்டியதும் இல்லை (அப்படி ஒட்டிய கடைகளைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்). ஆனால் கருப்பட்டி வாங்கும்போது பனையேறிகளிடம் ஓலைப்பெட்டியின் எடையைக் கழிப்பேன். அவர்கள் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன். விற்கும்போது பிளாஸ்டிக் கவரோடு தட்டில் வைப்பேன். கவர் எத்தனை கிராம் இருக்கும், நாலு, ஐந்து. பதினைந்து வருஷம் அப்படி விற்றேன், மனசாட்சி ஒரு நாளும் முனகவில்லை. ஒரு பிப்ரவரி மாதம் “கல்” என்று எழுதிய தாள் அங்கே தொங்குகிறது, நான் கவரைத் தட்டில் வைக்கிறேன். கை நின்றுவிட்டது. வாங்கக் கழிவு, விற்கக் கூட்டு. பையில் இரண்டு கல் என்பது இதுதான், பையே கல். அன்றிலிருந்து காலிக் கவரை முதலில் வைத்து, பூஜ்யம் அழுத்தி, பிறகுதான் சரக்கைப் போடுகிறேன். நஷ்டம் மாதத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். சொல்லமாட்டேன், வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு சின்னத் தொகை.

அளவைப் பற்றி இன்னொன்று. அப்பாவின் பித்தளைப் படி என்னிடம் இருக்கிறது. அரிசியைச் சும்மா சரித்து நிரப்பினால் படி நிறைந்ததுபோல் தெரியும், உள்ளே பொய். தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் விரற்கடை இறங்கும். உள்ளங்கையால் அமுக்கினால் இன்னும் இறங்கும். அதற்குமேல் தலை தட்டாமல் குவித்து, சரிந்து வழிகிறவரை போட்டு, முந்தானையை விரிக்கச் சொல்லிக் கொட்டவேண்டும். லூக்கா 6-ல் இயேசு நல்ல அளவைப் பற்றிச் சொல்லும்போது அமுக்குவது, குலுக்குவது, வழிவது, மடியில் போடுவது எல்லாம் வருகின்றன. அவர் தச்சர்தான். ஆனால் தானியம் அளக்கிறவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், அம்மாவுக்காக வாங்கியும் வந்திருப்பார்.

இந்த வசனத்தைக் காணிக்கைப் பைக்கு முன்னால் சொல்லித்தான் நாம் கேட்டிருக்கிறோம். எனக்கு அதில் ஒரு சண்டை உண்டு. மேலே உள்ள வசனத்தைப் பாருங்கள், அங்கே பேச்சு பிறரைக் குற்றவாளியாகத் தீர்க்காமலிருப்பதையும் மன்னிப்பதையும் பற்றியது. அந்தப் படியால் முதலில் அளக்கப்படுவது ஆட்கள். கடன் நோட்டில் ஒரு பேரைப் பார்த்ததும் “இவன் தரமாட்டான்” என்று தலை தட்டி அளந்துவிடுகிறேனே, அந்தப் படி. எந்த வசனம் பிடித்தாலும் அதற்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று வாசிப்பது என்று நான் வைத்திருக்கிற வழக்கம் இங்கேதான் ஆரம்பித்தது.

கடன் நோட்டு என்று சொன்னேன். மளிகைக்கடைக்காரன் ஆத்துமா அங்கேதான் இருக்கிறது. இளவயதில் பாக்கி கேட்க வீடு வீடாகப் போவேன். நாற்காலி போடுவார்கள், உட்காருவேன். கண் சும்மா இருக்காது. புது மிக்ஸி தெரியும், சுவரில் புது டி.வி. தெரியும். “இதுக்கெல்லாம் துட்டு இருக்கு, என் பாக்கிக்கு இல்லையா?” என்று கேட்டும் இருக்கிறேன். ஒரு பெண் பதில் பேசாமல் மிக்ஸியின் மேல் துணியைப் போட்டு மூடினாள். உபாகமம் 24-ல் ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போனால் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும், கடன்பட்டவன் தானே கொண்டுவந்து தரவேண்டும். எத்தனையோ வருஷம் கடந்துபோன சட்டம். அந்த மிக்ஸிக்குப் பிறகு வந்த பிப்ரவரியில் அது என்னைக் கடக்கவிடவில்லை. இப்போது நான் யார் வீட்டு வாசற்படியையும் பாக்கிக்காக மிதிப்பதில்லை. தெருவில் நின்று கூப்பிடுவதும் இல்லை, அது இன்னும் கேவலம். கடைக்கு வரும்போது மெதுவாகச் சொல்கிறேன். வசூல் குறைந்ததா? குறைந்தது.

அப்பா இறந்த பிறகு அவருடைய பழைய பேரேடுகளை எடுத்துப் பார்த்தேன். சில பேர்களுக்கு எதிரே பாக்கித் தொகையை அடிக்காமல் விட்டு, ஓரத்தில் பென்சிலில் “உபா. 15” என்று மட்டும் எழுதியிருந்தார். 11 பேர். உபாகமம் 15, ஏழாம் வருஷத்து விடுதலை, கடன்காரனை நெருக்காமல் விட்டுவிடுவது பற்றிய அதிகாரம். ஆனால் ஏழு வருஷக் கணக்கு எதுவும் பொருந்தவில்லை. அம்மாவிடம் பேர்களை வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு பேராகக் கேட்டுவிட்டு, “அந்த வீடுகள்ல எல்லாம் ஆம்பிளை போயிட்டாருல்லா” என்றாள். அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அந்த வீடுகளிலும் சொல்லியிருக்கமாட்டார். பாக்கி கேட்பதை நிறுத்தியிருப்பார், அவ்வளவுதான். என் பேரேட்டில் இதுவரை நாலு பேர் இருக்கிறார்கள். நாலாவது பேரை எழுதிவிட்டு ஒரு மாதம் வருத்தப்பட்டேன்.

இனி ஜாமீன். எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர், பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர், லோடு வண்டி வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுத்தார். ஜாமீன் கையெழுத்து கேட்டார். ஜூன் மாதம். போட்டேன். மூன்று வாரத்தில் நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் வந்தது. அடுத்தவனுக்காகக் கையடித்துக் கொடுத்தவன் வலையில் மாட்டிய மான், உடனே போய்த் தாழ விழுந்து கெஞ்சித் தன்னை விடுவித்துக்கொள்ளவேண்டும், அதுவரை கண்ணுக்குத் தூக்கம் கொடுக்கக்கூடாது என்று அவ்வளவு பச்சையாகச் சொல்கிறது. வாசித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். கெஞ்சுவதற்கு வெட்கம். இரண்டு வருஷத்தில் வண்டி நின்றது, அவர் ஊரைவிட்டுப் போனார், நோட்டீஸ் எனக்கு வந்தது. மனைவியின் ஆறு பவுன் சங்கிலி போனது. “சங்கிலி போனா போகட்டும்ங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்றாள். அவளும் நீதிமொழிகள் வாசிக்கிறவள்தான்.

அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது ஒரு ஜெர்மன்காரர். யோகான் பிலிப் ஃபப்ரீசியுஸ், 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னையில் ஊழியம் செய்து 1791-ல் இறந்தவர். தமிழ் வேதத்தைத் திரும்ப மொழிபெயர்த்தவர், அந்த மொழிபெயர்ப்பைப் பொன் மொழிபெயர்ப்பு என்பார்கள். வரிவரியாக எடைபோட்டுத் தமிழாக்கிய அந்த மனுஷன், கொடுக்கல் வாங்கலில் ஏமாந்து, முதுமையில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். நீதிமொழிகளை என்னைவிட எத்தனை மடங்கு மெதுவாக வாசித்திருப்பார்! ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ச் சொல் தேடினவருக்கே அது கைக்கு வரவில்லை. வேதம் தெரிந்திருப்பது ஒன்று, அது கையெழுத்துப் போடுகிற கையைப் பிடிப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்க என்னிடம் கோல் இல்லை.

அந்த ஜூலையோடு விஷயம் முடிந்திருந்தால் சுலபம். இனி யாருக்கும் ஜாமீன் இல்லை என்று பலகை எழுதி மாட்டியிருப்பேன். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் பிலேமோன் வந்தது. ஒரே அதிகாரம், 25 வசனம். எஜமானிடமிருந்து ஓடிவந்த அடிமை ஒநேசிமுவுக்காகப் பவுல் எழுதுகிறார். இவன் உமக்கு ஏதாவது நஷ்டம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், அதை என் பேரில் பற்று எழுதிக்கொள்ளும் என்கிறார். நானே என் கைப்பட எழுதுகிறேன், நான் தீர்ப்பேன் என்கிறார். சிறையில் இருக்கிறவர்! இது பிராமிசரி நோட்டு அல்லாமல் வேறென்ன? ஒரே புத்தகம் ஜூலையில் கையெழுத்துப் போடாதே என்றது, டிசம்பரில் போட்டுக் காட்டுகிறது.

இதைப் பற்றி ஐயரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, “ரெண்டையும் வச்சுக்கிடுங்க, ஒண்ணை எடுத்து மத்ததை அடிச்சுப்போடாதீங்க” என்றார். வெகுநாள் இரண்டையும் வைத்துக்கொண்டு யோசித்தேன். பவுல் எவனோ லாபம் பார்ப்பதற்காகக் கையெழுத்துப் போடவில்லை, தனக்காகப் பேச முடியாத ஒருவனுக்காகப் போட்டார். தீர்க்கப்போகிறவன் தானே என்று தெரிந்து போட்டார். நீதிமொழிகள் 22-லும் கேள்வி அதுதான்: கொடுக்க உன்னிடம் இல்லையென்றால், நீ படுத்திருக்கிற படுக்கையைப் பிடுங்கவிடுவானேன்? ஆகவே இப்போது யாராவது ஜாமீன் கேட்டால், அந்தத் தொகை இன்றே என் கடன் என்று வைத்துக்கொண்டு மனைவியிடம் போய்ச் சொல்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். கொடுக்கக்கூடியது என்றால் பெரும்பாலும் ஜாமீனாக இல்லாமல் கையில் கொடுத்துவிடுகிறோம். இது எங்கள் வீட்டுக்கு ஆன தீர்வு. பெரிய வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது ஒத்துவருமா என்று நான் சொல்ல முடியாது.

ஆமோஸ் 8-ஐ மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன், அதில் நான் தேறவில்லை. ஓய்வுநாள் எப்போது முடியும், கடை திறந்து மரக்காலைக் குறைத்து விற்கலாம் என்று ஆராதனையில் இருந்துகொண்டே நினைக்கிற வியாபாரிகளை அவர் பிடிக்கிறார். மரக்காலை நான் குறைப்பதில்லை. ஆனால் பிரசங்கத்தின் நடுவில் திங்கட்கிழமை லாரியை நினைக்காத ஞாயிறு என் வாழ்க்கையில் பத்து இருந்தால் அதிகம்.

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் சரக்கு இறங்கின ராத்திரி. மைதா, சீனி, டால்டா, முந்திரி, அச்சு முறுக்குக்குப் பச்சரிசி. லாரி வரும்போது ஒன்பதரை. நாலு பேர் இறக்கினார்கள். நான் அதற்குள் கல்லாவைப் பூட்டிக் கணக்கை முடித்திருந்தேன். “திங்கக்கிழமை வாங்கிக்கிடுங்கப்பா” என்றேன். தலைக்கு 650 ரூபாய். “சரி அண்ணாச்சி” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஞாயிறு, ஐந்து அதிகாரம். அன்றைய கணக்கு யாக்கோபு 5-ல் தொடங்கி 1 பேதுரு 4-ல் முடிகிறது. யாக்கோபின் அந்த அதிகாரம் எப்படி ஆரம்பிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி தானே கூப்பிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய காதில் விழுகிறது என்பது நாலாம் வசனம். அங்கே கொஞ்சம் நின்றேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை அந்தப் பக்கம் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. மழை பிடித்திருந்தது. நாளைக்குத்தானே என்று பக்கத்தைத் திருப்பினேன். ஞாயிறு கடை இல்லாததால் காலண்டர் தாள் எழுதுகிற வழக்கமும் இல்லை.

அந்த மழை எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் பக்கத்தில் குளங்கள் உடைந்து, கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏ.டி.எம். இல்லை. கடை மேட்டில் இருப்பதால் தப்பித்தது. சில இடங்களில் மெழுகுவத்தி இரண்டு மடங்கு, பால் பவுடர் மூன்று மடங்கு விலைக்குப் போனது. நான் ஒரு ரூபாய் கூட்டவில்லை. தானியத்தைக் கட்டிவைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள், விற்கிறவன் தலைமேல் ஆசீர்வாதம் வரும் என்கிற நீதிமொழியைத் தாளில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்த மூன்று நாளும் என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

வியாழக்கிழமை காலை அந்த நாலு பேரில் ஒருவர் வந்தார். தொடைவரை சேறு. வீட்டுக்குள் தண்ணீர் வந்து, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்திருக்கிறார்கள். கடை வாசலில் கூட்டமாக இருந்ததால் ஓரமாக நின்றார். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, “அண்ணாச்சி, ஒரு கிலோ அரிசி கடனாத் தாங்க. திங்கக்கிழமை தந்திருதேன்” என்றார்.

நான் அவருக்கு 650 ரூபாய் தரவேண்டும். அது கல்லாவில் நனையாமல் ஐந்து நாளாக இருக்கிறது. அவர் என்னிடம் கடன் கேட்கிறார். கூலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மறந்தாரா, கேட்கக் கூச்சமா, இல்லை நாலு பேர் முன்னால் என்னைக் கேட்கவேண்டாம் என்று விட்டாரா, இன்றுவரை தெரியாது. கூலிக்காரனுக்குப் பொழுது விழுவதற்குள் கொடுத்துவிடு என்கிற உபாகமம் அதற்குக் காரணமும் சொல்கிறது, அவன் ஏழை, அவன் மனசு அதிலேயே இருக்கிறது என்று. அந்த அதிகாரத்தை அதுவரை முப்பது தடவையாவது வாசித்திருப்பேன். வாசற்படிச் சட்டத்தை எடுத்துக்கொண்ட அதே அதிகாரம்தான், அதிலிருந்து நாலைந்து வசனம் தள்ளி.

நாலு பேர் கூலியையும் எண்ணிக் கொடுத்தேன், மற்றவர்களுக்கும் கொண்டுபோகச் சொல்லி. என்ன சொல்வது என்று தெரியாமல் அரிசியை ஐந்து கிலோவாகக் கட்டினேன். அவர் பணத்தை வாங்கி, தன் பங்கைப் பிரித்து, அதிலிருந்து ஒரு கிலோவுக்கு உண்டான 52 ரூபாயை எண்ணிக் கல்லா மேல் வைத்தார். “மீதி நாலு கிலோ?” என்று கேட்டார். “எழுதல” என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போனார்.

லாரிக்கு ஆள் சொல்லி அனுப்பும்போதே இப்போது கூலியை எண்ணிக் கவரில் போட்டுத் தராசுக்கு அடியில் வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தாள் எழுதுகிறேன். கடை இல்லாததால் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன்.